கட்டனுக்குத் தொடுகறி

தேயிலை ருசி பார்ப்பவரின் மேஜையருகே நின்றால் முதலில் காதில் விழுவது 'சுர்ர்' என்ற உறிஞ்சல்தான். வீட்டில் அப்படிக் குடித்தால் திட்டு விழும். இங்கே அதுதான் தொழில். தேநீரோடு காற்றும் சேர்ந்து வாய்க்குள் சிதறினால்தான் மணம் அண்ணத்தின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். ருசி பிடிபட்டதும் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார்கள். ஒயின் ருசிப்பவர்களும் செய்வது இதைத்தான், கொஞ்சம் சத்தம் குறைத்து.

குட்டிக்கானம், ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு என்று கேரளத்துப் பீர்மேட்டைச் சுற்றியுள்ள சரிவுகளில் 19ஆம் நூற்றாண்டில் முதலில் நட்டது காப்பி. இலைத்துரு நோய் அதைத் தின்ற பிறகு வந்ததுதான் தேயிலை. கொழுந்து கிள்ள மலையேறியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள். டார்ஜிலிங்குக்குப் பேர் உண்டு, நீலகிரிக் குளிர்காலத் தேயிலைக்கும் ரசிகர்கள் உண்டு. பீர்மேட்டுத் தேயிலையை ரசித்துப் பேச மட்டும் ஆளில்லை. இலையைக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரத்தில் நசுங்கி, டஸ்ட் என்ற பொடித்தூளாகி, யாரோ ஒருவரின் பாக்கெட்டில் பேரில்லாமல் கலந்துவிடுகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ருசி பார்க்க ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு விதியே இருக்கிறது. 100 மில்லிக்கு 2 கிராம் தூள், கொதிநீர், மூடி போட்டு 6 நிமிடம். சாற்றை வடித்துவிட்டு, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைப்பார்கள். என் கண் முதலில் போவது அந்த இலைக்குத்தான். புதுச் செம்புக்காசு நிறத்தில் மினுங்கினால் நல்ல இலை. மங்கிப் பச்சை தட்டினால் வாட்டத்திலோ புளிக்கவைத்ததிலோ அவசரப்பட்டிருக்கிறார்கள். சாற்றின் பளபளப்புக்கும் நாக்கில் சுரீரென்று பிடிப்பதற்கும் பெரும்பாலும் தியாஃபிளேவின் காரணம். நிறத்தின் ஆழமும் கனமும் தியாருபிஜினால் வருபவை. முன்னதை 'பிரிஸ்க்' என்றும் பின்னதை 'பாடி' என்றும் சொல்வார்கள். மழைக்காலத்தில் கொழுந்து மளமளவென்று வளரும், சாறு வெளிறிப்போகும். ஜனவரி, பிப்ரவரியின் குளிரிலும் வறட்சியிலும் மெதுவாக வளர்ந்த கொழுந்துதான் மணக்கும்.

பருவமும் பக்குவமும் ருசியை மாற்றும் இந்தத் தேயிலைக் கதைக்குப் பக்கத்தில் வரும், ஒயினில் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையின் கதையும். மஸ்கட் போல முந்திக்கொண்டு மணக்கும் பழமல்ல அது. மண்ணும் செய்பவர் கையும் எப்படியோ அப்படி. பிரான்ஸின் ஷாப்லியில் மெலிந்து, புளிப்பேறி, சிப்பிக்குத் துணையாகிறது. ஓக் பீப்பாயில் கிடந்து, மாலிக் அமிலம் லாக்டிக்காக மாறினால் வெண்ணெய் வாசம் வந்து, கிரீம் ஊற்றிய கோழிக்குப் பக்கத்தில் உட்கார்கிறது. ஒரே பழம்தான், சாப்பாடு மாறிவிடுகிறது.

தேயிலைக்கும் அப்படித்தான். கட்டன் சாயா, அதாவது பால் விடாத தேநீர் என்றால் எனக்குக் கப்பக்கிழங்கு. வேகவைத்த கிழங்கின் மாவுத்தன்மையும், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்ற துவையலில் மிதக்கும் தேங்காயெண்ணெயும் வாயில் படிந்திருக்கும்போது, கட்டனின் துவர்ப்பு அதை வழித்துக்கொண்டு போகும். கட்டன் சற்று ஆறட்டும். காந்தாரியின் எரிச்சலைச் சூடு இரட்டிப்பாக்கும். சர்க்கரை வேண்டாம் என்பேன், கேட்கமாட்டீர்கள்.

பால் விட்டால் கதை வேறு. பாலின் கேசின் புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். அதையும் மீறி ருசி தெரிய வேண்டுமானால் டஸ்ட்தான் சரி. தேயிலை மேதாவிகள் டஸ்டைக் கேவலமாகப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. சமாவர் வைத்த கடையில் துணி அரிப்பில் இறக்கி, ஆற்றி, நுரையோடு தரும் சாயாவுக்கு மொறுமொறு பருப்பு வடையைப் போல ஜோடி கிடையாது. டார்ஜிலிங்கை அந்த வடைக்குப் பக்கத்தில் வைத்தால் வெந்நீராகத்தான் தெரியும்.

கட்டனோ பாலோ, எதுவும் ஒட்டாத ஒன்று உண்டு: குடம்புளி போட்ட மீன்கறி. புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கைச் சுருட்டிவிடும். அதற்குப் பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரே போதும். சாயாவை அரைமணி கழித்துச் சொல்லலாம்.