படுத்தவனை எழுப்பாத பெட்டி

இழுப்பறையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை நாட்டில் யாருக்காவது உண்டென்றால், அது கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிக்காரர்களுக்குத்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் படித்துவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கரிசல் சீமை ராப்பகலாகச் செய்து குவிப்பது இழுப்பறைகளைத்தானே! மேல்பெட்டிக்குள் அடிப்பெட்டி. ஆணி கிடையாது, கைப்பிடி கிடையாது. சட்டைப் பையில் கவிழ்த்துப் போட்டாலும் தானாகத் திறக்கக் கூடாது, நனைந்த விரலால் தள்ளினாலும் வந்துவிட வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையையும் ஒரு துண்டு அட்டையில் நிறைவேற்றுகிறவர்கள் எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை பார்க்கிறார்கள்.

அந்தத் திமிரோடுதான் நான் வண்டிப் பெட்டிகளைப் பார்க்கிறேன். இப்போது பொலிரோ, தார், கூர்க்கா வைத்திருக்கிற இளவட்டங்கள் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கீழே இழுப்பறை, மேலே படுக்கைப் பலகை என்று அடித்துக்கொண்டு காடுமேடு கிளம்பிவிடுகிறார்கள். எங்காவது அப்படியொரு வண்டி நின்றால் பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டுவிடுவேன். யாரும் மறுத்ததில்லை. பெட்டி அடித்தவனுக்குப் பெட்டியைக் காட்ட ஆசை இருக்கத்தானே செய்யும். பார்த்துவிட்டு நான் வாய்விட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: ராத்திரி ஒருத்தர் மேலே படுத்திருக்கும்போது தீப்பெட்டி வேண்டுமென்றால் எப்படி எடுப்பீர்கள்? பாதிப் பேர் அந்த இடத்தில் முழிப்பார்கள்.

இந்தக் கேள்வி புதிதல்ல. மாட்டுவண்டிக் காலத்திலேயே கேட்டு, பதிலும் கண்டுபிடித்தாயிற்று.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடம். முந்தின நாளே போய் ஆற்று மணலில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ராத் தங்க வேண்டும். அப்போது வண்டிதான் வீடு. கூண்டுக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் ஜமுக்காளம். பெண்டுபிள்ளைகள் உள்ளே, ஆம்பிளைகள் வண்டிக்கடியில். இதில் நான் சொக்கிப்போகிற இடம் அந்த மெத்தை. அது மாட்டுத் தீனி. போகும்போது முழங்கால் உயரம் இருந்த மெத்தையை அவிழ்த்த இடத்திலெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டு, ஊர் திரும்பும்போது பலகை முதுகில் உறுத்தும். படுக்கைக்கென்று ஒரு கிலோகூடத் தனிச்சுமை ஏற்றாத ஏற்பாடு. இன்றைக்கு எந்தக் கம்பெனிக்காரனாவது இப்படியொரு மெத்தையைச் செய்து காட்டட்டும், பார்ப்போம்.

சாமான் எதுவும் அந்த மெத்தைக்கடியில் போகாது என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டிக்கு அடியில், அச்சுக்குப் பின்னால், சாக்கைத் தொட்டிலாகக் கட்டி அதில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும். ஏர்க்காலுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு. பின்புறம் மசகு வைத்த மூங்கில் குழாய் தொங்கும், வாளி தொங்கும். ராத்திரி எது வேண்டுமென்றாலும் வெளியே நின்று கையை நீட்டினால் போதும், உள்ளே தூங்குகிற பிள்ளை புரண்டுகூடப் படுக்காது. கனமானதெல்லாம் கீழே தொங்குவதால் கரிசல் பாதையின் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலும் வண்டி லேசில் குடைசாயாது.

குறை இல்லாமலும் இல்லை. இரண்டு சக்கர வண்டி மாட்டை அவிழ்த்ததும் மூக்கைத் தரையில் ஊன்றிவிடும். உள்ளே படுத்தவர்கள் விடிவதற்குள் முன்பக்கம் சறுக்கி வந்து குவிந்து கிடப்பார்கள். அதற்காகத்தான் ஏர்க்காலுக்கு முட்டு. முட்டைக் கொடுத்து, உள்ளே ஏறி உட்கார்ந்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் பெரியவர்கள் படுக்கையை விரிக்கச் சொல்வார்கள். ஜீப்பில் படுக்கிறவர்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நாலு சக்கரம் இருக்கிற தைரியத்தில் சரிவிலேயே நிறுத்திப் படுத்துவிட்டுக் காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்.

வண்டி போய் லாரி வந்தபோது இந்த நியாயம் கொஞ்ச காலம் மறந்துபோனது, பிறகு ஞாபகம் வந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளுக்குச் சேஸ் வரும்போது முன்பக்கம் கொஞ்சம் தகடும் ஸ்டியரிங்கும்தான் இருக்கும். கேபின் முழுக்கத் தச்சு வேலை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு படுக்கைப் பலகை. அதைத் தூக்கினால் அடியில் பெட்டி.

பழைய லாரி ஒன்றில் அந்தப் பலகையை நிதானமாகத் தடவிப் பார்த்திருக்கிறேன். தூக்குவதற்குப் பிடியே இல்லை. விளிம்பில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை. ஓட்டையின் உள்வாயையும் அரத்தால் ராவி மழுக்கியிருந்தார்கள். பிடி வைத்தால் படுக்கிறவன் விலாவில் குத்தும், ஓட்டையின் வாயை மழுக்காவிட்டால் தூக்குகிறவன் விரல் கிழியும். அந்தத் தச்சர் ஒரு நாளாவது அதன்மேல் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். அல்லது படுத்தவன் திட்டியதைக் கேட்டிருக்க வேண்டும். கீல் பலகையின் நீளத்துக்கும் ஓடியது, ஒரு திருகாணித் தலையும் மேலே துருத்தவில்லை.

ஆனாலும் மூடிப் பெட்டிக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. கிளீனர் படுத்திருப்பான், டயர் பஞ்சராகும், ஜாக்கி லீவர் அவனுக்கு அடியில் இருக்கும். இதற்குப் பரிகாரமாகத்தான் பாடிக்குக் கீழே, சக்கரங்களுக்கு நடுவில், வெளிப்பக்கம் திறக்கும் டூல்ஸ் பெட்டி வந்தது. அதன் கதவுக்குக் கீழ்ப்பக்கம் கீல், இரண்டு ஓரத்திலும் சங்கிலி. திறந்தால் கதவு கிடைமட்டமாக நின்று மேசையாகிவிடும். அதன்மேல் வெங்காயம் நறுக்கலாம், ஸ்டவ்வைக் காற்றடிக்காத மூலையில் வைத்துக் குழம்பு கூட்டலாம். பழைய ஏழாம் நம்பர் ரோட்டில், இப்போது 44 என்கிறார்கள், சாயங்கால நேரம் புளியமரத்தடி ஓரத்தில் இப்படி எத்தனையோ லாரிகளின் இடுப்பில் சமையல் நடந்திருக்கிறது. அதே இருக்கன்குடி வண்டியின் சாக்குத் தொட்டில்தான், தகட்டில் செய்தது.

போர்வெல் லாரிகளையும் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் மாதக்கணக்கில் காட்டுக்குள்ளேயே குடியிருக்கின்றன. ரிக்குக்குத் துணையாக இன்னொரு லாரி, அதில் ராடு, டீசல், தண்ணீர், அரிசி, ஆட்களின் துணிமணி, படுக்கை எல்லாம். முகாம் வாகனம் என்ற பெயர்ப்பலகை இல்லாத நிஜமான முகாம் வாகனம் அது. அழகு பார்த்துச் செய்ததல்ல, அதனால் ரசிக்கவும் அதிகம் இல்லை. ஆனால் எந்தச் சாமான் எங்கே என்று அந்த ஆட்களை இருட்டில் கேட்டாலும் கை நேராகப் போகும்.

மரக் கேபின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கம்பெனியிலிருந்தே கேபின் கட்டி வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டமும் வந்திருக்கிறது. நல்ல சட்டம். சித்திரை மாதம் ரெக்சின் மெத்தையில் முதுகு ஒட்டிக்கொண்டு படுத்தவர்களைக் கேட்டால் தெரியும். கேபின் தச்சர்களுக்காகக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, அதற்காக டிரைவர் வேர்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

வெளிநாட்டுச் சரக்கில் நான் மதிக்கிறது 1951-இல் ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா செய்த ஒரு பெட்டி. ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைக்கிற முகாம் பெட்டி. வேண்டும்போது உள்ளே வைத்தால் சோஃபா, விரித்தால் படுக்கை. எடுத்துவிட்டால் வண்டி மறுபடியும் சரக்கு வண்டி. வாரம் முழுக்கக் கடைக்கு உழைக்கும் வண்டி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போகும் என்ற யோசனையில் ஒரு சம்சாரித்தனம் இருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் பிறகு இதை இரட்டை இழுப்பறையாக வளர்த்து, ஒன்றின்மேல் ஃபிரிட்ஜை ஏற்றி, செம்மண் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். இணையத்தில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஆட்கள் ஆசாரியிடம் வருகிறார்கள்.

கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு ஆசாரி, வழக்கமாகக் கதவு, நிலை, பீரோ செய்கிறவர், இப்படிச் சில பெட்டிகள் செய்திருக்கிறார். அவர் வேலையில் இரண்டு மூன்று இடங்கள் என்னை நின்று பார்க்க வைத்தன.

முதலாவது, சேனல் போட மாட்டேன் என்கிறார். வீட்டு அடுப்படிக்குப் போடுகிற பால்பேரிங் சேனல் சாதாரணமாக 45 கிலோ தாங்கும் என்பார்கள், அது ஆடாமல் நிற்கிற வீட்டுக்குள். வண்டிப்பாதையில் தூக்கித் தூக்கிப் போடும்போது கணக்கே வேறு. அதைவிடப் பெரிய எதிரி தூசி. கரிசல் மண் ஈரத்தில் ஊதி, வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, கடைசியில் மாவு மாதிரி பறக்கிற ஜாதி. சேனலில் இருக்கும் கிரீஸ் அந்த மாவைப் பிசைந்து வைத்துக்கொள்ளும். நாலு மாதத்தில் இழுப்பறை நறநறக்கும், ஆறாவது மாதம் நின்றுவிடும். இவர் மரச்சட்டத்தின்மேல் மரச்சட்டம் ஓட விடுகிறார், நடுவில் வழவழப்பான பிளாஸ்டிக் பட்டை, அதன்மேல் மெழுகுவர்த்தி தேய்ப்பு. தூசி ஏறினால் துணியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை தேய்க்க வேண்டியது. பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள் என்று கேட்டதற்கு மேசையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அடிப்பெட்டியை இரண்டு தரம் தள்ளிக் காட்டினாரே தவிர, அளவு சொல்லவில்லை.

இரண்டாவது, இழுப்பறை ஏற்றத்தில் தானாக ஓடி வந்து பின்கதவில் இடிக்காமல் இருக்க அவர் செய்திருக்கும் உபாயம். சட்டத்தின் முன்முனையில் ஒரு சின்ன மேடு. இழுப்பறையின் அடியில் அதற்கேற்ற வெட்டு. மூடும்போது உள்ளே போய் ‘டொக்’கென்று இறங்கி உட்கார்ந்துகொள்ளும். திறக்க வேண்டுமென்றால் முன்பக்கத்தை அரை விரக்கடை தூக்கி இழுக்க வேண்டும். பள்ளத்தில் குலுங்கும்போது அவ்வளவு தூக்காதபடி மேலே இடைவெளியை நெருக்கி வைத்து, சந்தேகத்துக்கு ஒரு கொண்டியும் போட்டிருக்கிறார். கப்பல் அறைகளின் மேசை இழுப்பறையிலும் இதே வித்தை உண்டு. அவர் கப்பலைப் பார்த்ததில்லை. தூத்துக்குடி அறுபது கிலோமீட்டர்தான், போனால் காட்டலாம்.

உயரத்தில் அவர் கறார். இழுப்பறை ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. வருகிறவர்கள் ஒன்றரைச் சாண் கேட்கிறார்கள், நிறைய வைக்கலாமே என்று. அத்தனை உயரத்தில் பலகையைப் போட்டால் மேலே கூரைக்கும் படுக்கைக்கும் நடுவில் புரண்டு படுக்க மட்டும்தான் இடம் இருக்கும், உட்கார முடியாது. உட்கார முடியாத படுக்கையில் மழைநாளை எப்படிக் கழிப்பது? ஐப்பசி கார்த்திகையில் கரிசல் நனைந்துவிட்டால் சக்கரத்தில் மண் அப்பி, வண்டி இருந்த இடத்தை விட்டு நகராது. அன்றைக்கு முழுக்க உள்ளேதான் குந்தியிருக்க வேண்டும். எடையும் இருக்கிறது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு தாள் ஒன்று கிட்டத்தட்ட 35 கிலோ. இரண்டு தாள் போட்டால் ஒரு ஆளைக் கூடுதலாக, அதுவும் பின்னச்சின் மேல், எந்நேரமும் ஏற்றிக்கொண்டு போகிறோம். அவர் பக்கங்களுக்கு 12 மில்லிமீட்டர் போதும் என்று, படுக்கிற பலகைக்கு அடியில் மட்டும் குறுக்குச் சட்டம் கொடுக்கிறார்.

மேல்பலகையில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. இந்த ஊர் வெக்கைக்கு மூடிய பிளைவுட் ஆகாது என்பது என் கட்சி. பனைநார்க் கட்டிலில் படுத்துப் பழகிய உடம்புக்குக் கீழிருந்து காற்று வர வேண்டும். சட்டம் மட்டும் அடித்து நாடா பின்னினால் என்ன என்றேன்.

“பின்னலாம் அண்ணாச்சி. நீங்க தட்டிப்போடுத பாய்த்தூசி, தலைமயிரு எல்லாம் இழுப்பறைக்குள்ள போயி சோத்துச் சட்டில விழும், பரவால்லயா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை என்றில்லை. இழுப்பறைக்கு மேல் மெல்லிய தகடு ஒன்றை மூடியாகச் சட்டத்தில் அடித்துவிட்டால் போதும். அவர் எடை கூடும் என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை. இப்போதைக்குப் பலகையில் ரூபாய்க்காசு அகல ஓட்டைகளைக் கால்மாட்டில் மட்டும் வரிசையாகப் போட்டுத் தந்திருக்கிறார், சமரசமாக. அது போதாது என்பதுதான் என் அபிப்பிராயம்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த பெட்டி ஒரு பருத்தி, மக்காச்சோளச் சம்சாரியின் பொலிரோவுக்காகச் செய்தது. இரண்டு இழுப்பறை. வலது பக்கம் அடுப்பு, அரிசி, டார்ச், கயிறு; இடது பக்கம் ஜாக்கி, ஸ்பேனர், மண்வெட்டித் தலை. இரண்டும் பின்கதவு வழியே முக்கால்வாசி வெளியே வந்து நிற்கும். மேலே படுத்திருப்பவர் தலை முன்சீட்டுப் பக்கம், கால் கதவுப் பக்கம். ஆகவே, யார் எதை எடுத்தாலும் அவர் காலைக்கூட மடக்க வேண்டாம். தண்ணீர்க் கேன்களை இழுப்பறைக்குள் வைக்காமல், முன்சீட்டுக்குப் பின்னால் தரையோடு குழி மாதிரி விட்டு நிறுத்தியிருக்கிறார். அதிகக் கனம் இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ நிற்கிறது. அந்தக் குழிக்கு மேலே கீல் போட்ட பலகை கவிழ்ந்தால் ஆறடி முழுசாகக் கிடைக்கும்.

மொத்தப் பெட்டியும் தரையில் நாலு போல்ட்டில் நிற்கிறது. அதைக் கழற்றி, இரண்டு பேர் பிடித்து இறக்கித் தொழுவத்துச் சுவரோரம் சாத்திவிட்டால் அதே வண்டியில் உர மூடை ஏற்றலாம். பெட்டியைச் செய்யச் சொன்னவர் முதலில் மூன்றாவதாக ஒரு குட்டி இழுப்பறையும் நடுவில் வேண்டும் என்று கேட்டாராம். எதற்கு என்று ஆசாரி கேட்க, யோசித்துவிட்டு, “சும்மா, சில்லறை சாமானுக்கு” என்றாராம். ஆசாரி அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார். மடக்குக் கட்டில் ஒன்று இப்போது அதில் செருகிக் கிடக்கிறது, பங்குனி சித்திரையில் வெளியே போட்டுப் படுக்க.