காற்றை உறிஞ்சும் பக்மில்: எந்தப் பட்டறைக்கு எது?

மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அதன் பிறகு அந்த ஊரிலும் ஆரோவில்லிலும் ஸ்டோன்வேர் பட்டறைகள் பெருகின. இத்தகைய பட்டறைகள் சக்கரத்துக்கும் சூளைக்கும் அடுத்தபடியாகப் பலமுறை யோசித்து வாங்கும் சாதனம், மண்ணைப் பிசைந்து உருளையாகத் தரும் பக்மில். காற்றை உறிஞ்சும் வகை என்றால் யோசனை இன்னும் நீளும். விலை லட்சங்களில் போகிறது. விற்பனைத் தாளில் கண்ணை இழுப்பவை மோட்டாரின் குதிரைத்திறனும், மணிக்கு எத்தனை கிலோ என்ற கணக்கும். எந்திரத்தில் மண்ணைப் போட்டு ஓட்டிப் பார்க்கும்போது வேறு கேள்விகள் முந்திக்கொள்கின்றன. மீதி மண் எந்தப் பதத்தில் சேர்கிறது? எத்தனை வகை மண் புழங்குகிறது? எந்திரத்தைக் கழுவப்போவது யார்?

வழக்கமான எந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. தொட்டியில் போட்ட மண்ணைத் திருகு முன்னே தள்ளுகிறது. துளையிட்ட தகட்டின் வழியே அது இடியாப்பம்போல் இழை இழையாகப் பிரிந்து வெற்றிட அறைக்குள் விழுகிறது. மண் இழையாக இருப்பதால் உள்ளே சிக்கிய காற்றை வேக்குவம் பம்ப் உறிஞ்சிவிடும். பிறகு இன்னொரு திருகு அதை இறுக்கி, முனை வழியாக உருளையாக வெளியே தள்ளும்.

காற்றுக் குமிழி இருந்தால் பானை சூளையில் வெடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வெடிக்க வைப்பது மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம்தான். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது நீராவியாகிச் சுவரைப் பிளக்கிறது. நன்றாகக் காயாத பானையை எந்த பக்மில்லும் காப்பாற்றாது. எந்திரம் தருவது வேறு: காற்றிழந்த மண் இழுத்தால் எளிதில் கிழியாது, சக்கரத்தில் சுவர் எழுப்பும்போது விரலுக்கு இடறாது.

சந்தையில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதலாவது, ஒருபுறம் மண்ணைப் போடப் போட மறுபுறம் உருளை வந்துகொண்டே இருக்கும் தொடர்வகை. ஆஸ்திரேலியாவின் வென்கோ, ஜப்பானின் ஷிம்போ என்.ஆர்.ஏ.-04 ஆகியவை இந்த ரகம். உள்ளே போகும் மண் ஏறக்குறைய வனையும் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டிக் கட்டிகளைப் போட்டால் திருகு திணறும். கூழைப் போட்டால் கூழே வரும்.

இரண்டாவது, கலந்து பிசையும் வகை. கலிஃபோர்னியாவின் பீட்டர் பக்கர் வி.பி.எம்.-9 இதற்கு நல்ல உதாரணம். சீவல், கூழ், உலர்ந்த பொடி எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டு மூடி, பதம் வரும்வரை கலக்கி, காற்றை உறிஞ்சி, திருகை எதிர்த் திசையில் ஓட்டி உருளையாக எடுக்கலாம். அடைத்துக்கொள்ளும் சல்லடைத் தகடும் இல்லை. ஆனால் ஒரு தொகுதி முடிந்த பிறகே அடுத்தது. மாணவர்கள் வாளி வாளியாக மீதி மண் சேர்க்கும் பயிற்சிப் பட்டறைக்கு இந்த வகையே உதவும். பொடி போடும்போது முகக்கவசம் கட்டாயம். சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

அடுத்தது உலோகம். அலுமினிய உடல் எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் ஈர மண்ணை, குறிப்பாகப் போர்சலினை, நாள்கணக்கில் உள்ளே விட்டுவைத்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் துகள்களாக உதிரும். வனையும்போது அவை விரலில் நெருடும். போர்சலின் வனைபவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது துருப்பிடிக்காத எஃகையே எடுக்க வேண்டும். ஷிம்போவில் பெயரின் பின்னால் 'எஸ்' என்ற எழுத்து சேர்ந்த மாடல் அதுதான்.

முனையின் அளவும் அன்றாட வேலையைத் தீர்மானிக்கும். 75 மி.மீ. முனையில் வரும் உருளையை 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் சுமார் 400 கிராம், ஒரு கோப்பைக்கான மண். 100 மி.மீ. முனையில் 30 செ.மீ. வெட்டினால் நாலரைக் கிலோ வரும். பெரிய ஜாடி செய்பவர்களுக்கு அது வசதி. கோப்பை மட்டும் செய்பவர்களுக்கு வீண்.

வாங்குமுன் எந்திரத்தை ஓட்டச் சொல்லி மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். முனையில் மண் அடைத்து நின்றால்தான் வெற்றிடம் நிற்கும். அந்த நிலையில் கடல்மட்ட ஊர்களில் வெற்றிட மானியின் முள் 25 அங்குலப் பாதரச அளவைத் தாண்ட வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் முழு வெற்றிடமே 23 அங்குலத்தை ஒட்டித்தான் காட்டும் என்பதால் அங்கே அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. அடுத்து, உருளையைக் கம்பியால் வெட்டினால் முகத்தில் ஊசித்துளைகள் தெரியக் கூடாது. மூன்றாவதாக, ஒரு மெல்லிய வில்லையை வெயிலில் வேகமாகக் காயவிட வேண்டும். திருகின் சுழற்சி மண்ணை அடுக்கடுக்காக முறுக்குவதால், அந்த அடுக்குகள் சரியாக ஒட்டாதிருந்தால் வில்லையில் சுருள் விரிசல் எழும். பாத்திரத்தின் அடியில் தோன்றும் 'எஸ்' வடிவ விரிசலுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால் எந்திரத்திலிருந்து வந்த மண்ணையும் சக்கரத்தில் ஏற்றுமுன் கையால் கொஞ்சம் பிசைவது நல்லது.

இறக்குமதி எந்திரத்தில் மின்சாரம் ஒரு பொறி. அமெரிக்க மாடல் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. சாதாரண மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் ஏறும். 50 ஹெர்ட்ஸ் மோட்டாரோடுதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். எண்ணெய் போட்ட வேக்குவம் பம்ப் மண்ணின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்தால் மாற்றிவிட வேண்டும்.

விற்பனையாளர் அழுத்திச் சொல்லாத விஷயம் கழுவுவது. செம்மண் ஓட்டிய எந்திரத்தில் வெள்ளை மண் ஓட்ட வேண்டுமானால் எந்திரத்தின் உடலைக் கழற்றி, திருகைத் தேய்த்து, தகடு இருந்தால் அதன் ஒவ்வொரு துளையையும் குத்தியெடுக்க வேண்டும். அது அரைநாள் வேலை. மீதி மண்ணில் ஸ்பாஞ்சுத் துண்டோ ஊசியோ கிடந்தால் தகடு அடைபடும்; பிளாஸ்டர் சில்லு கலந்தால் சுட்ட பாத்திரத்தில் பின்னர் பொரிந்து விழும். விடுமுறைக்குப் பூட்டிப் போகும்போது முனையை மூடி ஈரம் காக்காவிட்டால் உள்ளே மண் இறுகிவிடும்.

ஆக, ஒரே ஸ்டோன்வேர் மண்ணும் நிறைய மாணவர்களும் உள்ள இடத்துக்குக் கலந்து பிசையும் வகை. பதமான மண்ணை மூட்டையாக வாங்கி, அதைச் சீராக்க மட்டும் விரும்புபவர்களுக்குத் தொடர்வகை. போர்சலினும் செம்மண்ணும் மாறி மாறி வனையும் தனி ஆளுக்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம். பிசைய ஒரு கனமான மேஜையும் மண் வெட்டும் கம்பியும் போதும்.