யாழ்ப்பாணம் என்னும் பெயரும் யாழ்ப்பாணம் என்னும் ஊரும்

கலை இலக்கியம் பேசும் ஏட்டில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மக்கள் கூடிக் களிக்கும் எதுவும் பண்பாட்டின் பாற்பட்டதே. அதனை எவர் நடத்துகின்றனர், அதனால் எவர் பயன் பெறுகின்றனர் என்னும் வினா நாவலுக்கும் நாடகத்துக்கும் பொருந்துவது போலவே பந்தாட்டத்துக்கும் பொருந்தும். இந்நோக்கிலேயே ‘ஜஃப்னா ஸ்டாலியன்ஸ்’ என்னும் துடுப்பாட்ட அணியின் குறுகிய வரலாற்றை ஆராய முற்படுகின்றோம்.

2020 நவம்பர் 26ஆம் திகதி தொடங்கிய லங்கா பிரீமியர் லீக், ஐந்து அணிகளைக் கொண்டது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்ப்பெயர்கள் ஐந்தும் முதலீட்டாளருக்கு உரிமையாக வழங்கப்பட்டன. யாழ்ப்பாணத்தின் பெயரைப் பெற்றுக்கொண்டது புலம்பெயர் தமிழரை உள்ளிட்ட ஒரு குழு. கொள்ளைநோய்க் காலமாதலால் ஆட்டங்கள் அனைத்தும் பார்வையாளரின்றி அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ மைதானத்திலேயே நடைபெற்றன. திசர பெரேராவின் தலைமையில் ஆடிய நம் ஊர்ப்பெயர் கொண்ட அணி, டிசம்பர் 16ஆம் திகதி காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று முதற் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு உரிமை கைமாறிற்று. பெயரும் ‘ஜஃப்னா கிங்ஸ்’ என மாறிற்று. ஸ்டாலியன்ஸின் ஆயுள் ஒரே ஒரு பருவம்.

இவ்வணியால் விளைந்த நன்மையை நாம் மறைக்க விரும்பவில்லை. நீண்ட போரினால் பிளவுண்ட நாட்டிலே, ஒரு சிங்கள வீரர் தலைமை தாங்க, யாழ்ப்பாணம் என்ற பெயரை நெஞ்சில் தரித்து எல்லா இனத்தவரும் ஆடியது சிறிய காரியமன்று. யாழ். மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் டிசம்பர் 4ஆம் திகதி களமிறங்கி, அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை வீழ்த்தியபோது குடாநாட்டின் வீடுகளில் எழுந்த ஆரவாரம் பொய்யானதன்று. பின்னர் 2024இல் இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியிலும் அவர் ஆடினார். திறமை இங்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயின், ஓர் இளைஞன் மேலேறியதைக் காட்டி ஏணி இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? இதுவே நமது வினா. 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை யாழ்ப்பாணத்தின் பெயரால் கிண்ணம் வெல்லப்பட்டது. அந்நான்கு பருவங்களிலும் ஒரு பந்தேனும் யாழ்ப்பாண மண்ணில் வீசப்படவில்லை. கொள்ளைநோய் முதலாண்டுக்குக் காரணமாகலாம். பிந்திய ஆண்டுகளுக்கு ஆகாது. சர்வதேச மைதானம் இல்லை என்பர். உண்மைதான். ஆனால் ஊரின் பெயரைப் பொருளாக்க முடிந்த ஏற்பாட்டிற்கு, அவ்வூரில் ஒரு மைதானம் வேண்டும் என்ற கட்டாயம் ஏன் தோன்றவில்லை?

உலக வரலாற்றில் இதற்கோர் ஒப்புமை உண்டு. 1904இல் வட அமெரிக்காவில் பனித்தரை ஹொக்கிக்கென முதலாவது முழுத் தொழில்முறை லீக் அமைந்தது. செப்புச் சுரங்கங்கள் நிறைந்த மிச்சிகன் பகுதியிலுள்ள ஹௌட்டன் என்னும் சிற்றூரின் போர்ட்டேஜ் லேக்ஸ் அணி அதில் புகழ்பெற்றது. கனடாவிலிருந்து வீரர்கள் கூலிக்கு வந்தனர். கனடாவிலேயே ஊதியம் கிடைக்கத் தொடங்கியதும் திரும்பினர். 1907இல் லீக் மறைந்தது. பணத்தால் எழுந்தது பணத்தின் போக்கிலேயே போயிற்று. எனினும் ஹௌட்டன் மக்கள் தம் அணியைத் தம் ஊர் அரங்கிலே கண்ணாரக் கண்டனர். நமக்கோ தொலைக்காட்சித் திரையே மைதானமாயிற்று.

2025 ஏப்ரலில் ஜஃப்னா கிங்ஸின் ஒப்பந்தத்தையும் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் முடிவுக்குக் கொண்டுவந்தது. நான்கு கிண்ணங்களை வென்ற பெயர் ஒரு கடிதத்தால் நீங்கிவிடக்கூடியதாயின், அது மக்களுடையதாக என்றுமே இருந்ததில்லை என்பது தெளிவு. இதற்கு மாறாக, மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெருஞ்சமர்’ 1904 முதல் வழங்கிவருகிறது. போர் அதனை இடைநிறுத்திய ஆண்டுகள் உண்டு, அழிக்க இயலவில்லை. பழைய மாணவரும் ஆசிரியரும் ஊராரும் அதற்கு உடையவர் என்பதே காரணம். அதுவும் குறையற்றதன்று; பெருங் கல்லூரிகளின் எல்லைக்கு வெளியேயுள்ள பிள்ளைக்கு அங்கு இடமில்லை.

அப்பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பாடசாலை முடிந்த பின், கல்லும் முள்ளும் நிறைந்த வெளியிலே, இரு காற்காப்புகளை ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு ஆடுகின்றனர். எதிர்முனைக்கு ஓடியவன் தன் காப்பைக் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுப்பதைக் கண்டிருக்கின்றோம். 2020 டிசம்பரில் இவர்களும் ‘நாங்கள் வென்றோம்’ என்றே கூவினர். அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லுக்கு எவரேனும் கடன்பட்டிருந்தால் இப்பிள்ளைகளுக்கே கடன்பட்டிருந்தனர்.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான பணி தொடங்கிவைக்கப்பட்டது. வரவேற்கின்றோம். ஆனால் அம்மைதானத்தை எத்தனை நட்சத்திரங்கள் மிதித்தனர் என்பதைக் கொண்டு அதனை அளக்க நாம் உடன்படோம். தீவகத்துச் சிறு பாடசாலையொன்றின் அணி அதில் ஒரு நாளாவது கட்டணமின்றி ஆட முடியுமா? பயிற்சியாளர் ஒருவர் அப்பாடசாலைக்குச் செல்வாரா? காற்காப்புகள் போதிய அளவு கிடைக்குமா? ஆசிரியரும் மாணவரும் இவற்றை இப்போதே கேட்கத் தொடங்கவேண்டும். கேளாதிருப்பின், ஊரின் பெயர் மீண்டும் ஒருமுறை ஊருக்கு வெளியே விலைபோகும்.