கலோரிப் பலகை எட்டாத கடைகள்

மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவையும் உணவுப் பட்டியலில் கலோரி அளவைக் குறிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020-இல் விதி வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் மதுரையின் கிளையில்லாத பரோட்டாக் கடைகளை அது எட்டவில்லை.

இட்லி நீராவியில் வேகிறது. எண்ணெய் புக வழியில்லை. பரோட்டாவைப் பொரித்தாலோ மாவிலுள்ள நீர் ஆவியாகி நுண்துளைகள் உண்டாகின்றன. எடுத்து ஆறவிடும்போது மேற்பரப்பிலுள்ள எண்ணெய் அவற்றுள் உறிஞ்சப்படுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறினாலே சுமார் 120 கிலோகலோரி கூடும். ஊற்றும் கை மாறினால் அளவும் மாறும்.

ஆகவே சிறு கடைகளிடம் கலோரிக் கணக்குக் கேட்பது பயன் தராது. ஒவ்வோர் உணவுக்கும் எதிரே ‘ஆவி’, ‘கல்’, ‘பொரிப்பு’ என்று எழுதச் சொல்லலாம். உண்பவர் தேர்ந்துகொள்ள அது உதவும்.