நகர அமைப்பும் எரிபொருட் செலவும் – ஒரு மதிப்பீடு

நகரம் பரந்து கிடக்குந்தோறும் அதன் எரிபொருட் செலவும் பெருகும் என்பதை எண்கொண்டு நிறுவ முயன்ற ஆங்கில நூல், 1989இல் வெளிவந்த ‘நகரங்களும் மோட்டார் வாகனச் சார்பும்’ என்பதாகும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான பீட்டர் நியூமன், ஜெப்ரி கென்வொர்தி ஆகிய இருவரும் இதன் ஆசிரியர்கள். பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயு வெளிப்படும். ஆதலின் உலகம் வெப்பமுறுவது பற்றி ஆராய்வோர் இன்றும் இந்நூலை எடுத்துக்காட்டுகின்றனர். இதன் நிறைகுறைகளை ஆராய்தல் நம் கடன்.

32 நகரங்களை ஒப்புநோக்கிய ஆசிரியர்கள், 1980ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அமெரிக்க நகரத்தார் ஆளொன்றுக்குச் செலவிட்ட பெட்ரோல் ஆஸ்திரேலிய நகரத்தாரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, ஐரோப்பியரைப்போல் நான்கு மடங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், தோக்கியோ மக்களைப்போல் பத்து மடங்கு எனக் காட்டினர். வருமானத்தையும் எண்ணெய் விலையையும் கருதிக் கணக்கிட்டாலும் இவ்வேற்றுமை முற்றும் மறைவதில்லை. வீடு ஓரிடம், கடை ஓரிடம், வேலை ஓரிடம் எனச் சிதறிய நகரில் கார் இன்றி வாழ இயலாது. இதனைத் தெளிவுறுத்தியதே நூலின் சிறப்பு.

குறையும் உண்டு. சாலை, வாகன நிறுத்துமிடம், பொதுப் போக்குவரத்து ஆகியனவும் நூலில் ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் படிப்போர் நெஞ்சில் நிற்பது, குடிநெருக்கத்தையும் பெட்ரோலையும் இணைக்கும் ஒரு வளைகோடே. நெருக்கினால் போதும் என்னும் மயக்கத்தை அது விளைக்கிறது.

சிங்கப்பூரை நோக்குக. இங்குப் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது 1987இல்தான். 1980இன் சிக்கனம் பேருந்துக் காலத்துச் சிக்கனம் என்க. அதற்கு முன்பே, 1971ஆம் ஆண்டின் நிலப்பயன்பாட்டுத் திட்டம் புதுநகரங்களைப் போக்குவரத்து வழிகளோடு இணைத்து வகுத்தது. 1975 முதல், காலை வேளையில் நகர மையத்துள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. அடுக்குமாடி வீடுகளுக்கு அருகே சந்தையும் பள்ளியும் அமைந்தன. நெருக்கம் வேறு, ஒழுங்கு வேறு. ஒழுங்கற்ற நெருக்கத்தில் வாகனங்கள் நின்ற இடத்திலேயே எரிபொருளை வீணாக்கும்.

மேலும், நூல் அளந்தது போக்குவரத்தை மட்டுமே. மின்தூக்கியும் குளிர்சாதனமும் மின்சாரத்தை உண்கின்றன. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதும் கரியமில வாயு எழுகிறது. காட்டை அழித்துப் புறநகர் எழுப்பினால் மரங்கள் அடக்கிவைத்த கரியும் வெளியேறும். பெட்ரோற் கணக்கை நகரின் முழுக் கணக்காகக் கொள்வது பொருந்தாது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. பழுதுற்ற காரைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடலாம். பழுதுற வகுத்த நகரையோ பேரப்பிள்ளைகளும் சுமக்க வேண்டும். நூலைப் போற்றுவோம், அதன் வளைகோட்டை மட்டும் நம்பி நகர் வகுக்க வேண்டா.