நுண்ணறிவுச் சோதனையின் பயனும் பிழையும்

வகுப்பில் தடுமாறும் குழந்தைகளுக்குத் தனிக் கல்வி தர வழி தேடி 1904-ல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, மறு ஆண்டே தியோடர் சிமோனுடன் சேர்ந்து 30 சிறு பணிகள் கொண்ட சோதனையை வெளியிட்டார். ஆசிரியரின் விருப்பு வெறுப்பை நம்பி ஒரு பிள்ளைக்கு 'மந்தம்' என்று முத்திரை குத்துவதைவிட இது எவ்வளவோ நேர்மையான வழி.

இதன் புள்ளியியல் அடித்தளமும் உறுதியானது. ஒருவகைத் தேர்வில் சிறப்பவர் பிறவற்றிலும் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறார் என்று கண்ட சார்லஸ் ஸ்பியர்மன், இவற்றுக்கு அடியில் ஒரு பொதுக் காரணி இருப்பதாக 1904-லேயே எழுதினார். ஸ்காட்லாந்தில் 1932-ல் 11 வயதில் சோதிக்கப்பட்ட சிலர், 77 வயதில் அதே சோதனையை மீண்டும் எழுதினார்கள். அன்று முன்னால் நின்றவர்களே பெரும்பாலும் அப்போதும் முன்னால் நின்றார்கள். 'ஐ.க்யூ. வெறும் கட்டுக்கதை' என்போர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அறிவு மாறாத அளவு என்ற எண்ணத்தைப் பினேயே எதிர்த்தார். அமெரிக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1916-ல் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் திருத்தியமைத்த வடிவம், 'தகுதியற்றவர்' பிள்ளை பெறக் கூடாது என்ற இனமேம்பாட்டுவாதிகளுக்கு ஆயுதமாயிற்று. வர்ஜீனியாவின் கேரி பக் என்ற இளம்பெண்ணின் மனவயது 9 என்றது சோதனை. அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரம்பரை மந்தம் என்பதே அதற்குச் சொன்ன காரணம். அவருடைய மகளோ பள்ளியில் நன்றாகவே படித்தாள்.

சோதனைத் தாள் காணத் தவறுவதும் உண்டு. பிரச்சினையைத் தீர்க்கும் திறன் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதை பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் நடந்து 1985-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வாளர்களான கராஹர் தம்பதியும் அனலூசியா ஷ்லீமனும் தெருவில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளிடம் வாடிக்கையாளராகப் போனார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் 10 காய்க்கு எவ்வளவு? ஒரு சிறுவன் மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, மேலும் நான்கு வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போய் 350-ஐ எட்டினான். பத்தால் பெருக்க ஒரு சுழியம் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதி அவனுக்குத் தேவைப்படவே இல்லை. தெருவில் இப்பிள்ளைகள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடுதான். தாளை மட்டும் பார்த்தவர் இவர்களைக் கணக்கு வராதவர்கள் என்றே எழுதியிருப்பார்.

அறிவை ஒற்றை எண்ணாக அளப்பதற்கு மாற்றாக ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் முன்வைத்த பன்முக அறிவுக் கோட்பாட்டைப் பள்ளிகள் விரும்பி ஏற்றன. அதன் நோக்கம் நல்லது. ஆனால் அவர் சொன்ன அறிவுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதற்குச் சான்று போதாது.

ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அறிவுசார் குறைபாட்டை வரையறுக்கும்போது கற்றல், பிரச்சினை தீர்த்தல் ஆகியவற்றோடு அன்றாட வாழ்க்கைத் திறன்களையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. பிள்ளையின் சோதனை அறிக்கையை வாங்கும் பெற்றோர், எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், எந்த மொழியில் கேட்டார்கள், எங்கே தடுமாறினான், இனி என்ன உதவி தருவார்கள் என்ற மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும்.