கொடுமுடிக் குரல்

லேடாங் மலையடிவாரத்துத் தங்காக்கில், ரப்பர்த் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இல்லத்தில், பழைய இசைத்தட்டுகள் சிலவற்றைக் கேட்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. அவை கே. பி. சுந்தராம்பாள் இளமையில் பாடியவை. தட்டு நின்றதும் உடனிருந்த அன்பரொருவர், "புருஷனைப் பறிகொடுத்த துக்கமல்லவா இக்குரலில் பேசுகிறது!" என்றார். அக்கூற்றை மறுக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆண்டுகளைக் கவனிப்போம். அம்மையார் 1908-இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாயிருக்கையிலேயே நாடகமேடை ஏறினார். 1926-இல் எஸ். ஜி. கிட்டப்பா கொழும்பு மேடையில் அவரோடு நடிக்க வந்தபோது, அங்கே அவர் முன்னரே புகழ் பெற்றிருந்தார். கிட்டப்பா மறைந்தது 1933-இல். நாம் கேட்டவற்றுள் அதற்கு முற்பட்ட தட்டுகளும் உண்டு. துயரம் வருமுன்னரே அக்குரல் முழுமை பெற்றுவிட்டதென்பதற்கு அவையே சான்று.

அவ்வலிமை எங்கிருந்து வந்தது? உழைப்பிலிருந்து வந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், தரையில் அமர்ந்த கடைசி மனிதனுக்கும் சொல் விளங்கப் பாடியாக வேண்டும். ஆகவே உச்ச சுருதியில் பாடினர். சொல்லைச் சிதைக்காமல் நிறுத்தினர். விடியும்வரை நடக்கும் நாடகத்தில் பழகிய அக்குரல், தட்டின் ஒரு பக்கத்திற்குரிய மூன்று நிமிடத்துக்குள் அடங்க நேர்ந்தது. நீண்ட ஆலாபனைக்கு இடமில்லை. இரண்டு சுரங்களில் இராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு, அம்மையார் நேரே பாட்டில் இறங்குகிறார். எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியும் ஒருமுறை கேட்டுச் சொற்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

குறைகளை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆர்மோனியம் பல இடங்களில் குரலோடு மல்லுக்கு நிற்கிறது. கமகம் அசையுமிடத்தில் அதன் கட்டைகள் அசையமாட்டா. நேரம் முடியுமுன் பாட்டை முடிக்கும் அவசரமும் சில தட்டுகளில் தெரிகிறது. ஆனால் "இது நாடகப் பாட்டு, சங்கீதமன்று" என்று ஒதுக்குவோர் கூறுவது இக்குறைகளையன்று. பாடியவரின் பிறப்பையும் கேட்டவரின் ஏழ்மையையுமே அவர்கள் மனத்தில் வைத்து அளக்கிறார்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்துக் கறுப்பினப் பெண்மணி ரோசெட்டா தார்ப், 1938-இல் டெக்கா கம்பெனிக்குப் பாடிய முதல் தட்டுகளில் தேவாலயப் பாட்டைக் கேளிக்கை இசையோடு சேர்த்தார். பக்தர்கள் முகம் சுளித்தனர். பின்னாளில் 'ராக் அண்ட் ரோல்' என்று உலகை ஆட்டிய இசைக்கு அவரே தாய் என்று இன்று போற்றுகின்றனர். அவ்விசைக்கான புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்ததோ 2018-இல், அவர் மறைந்து 45 ஆண்டுகள் கழித்து!

நம் சீர்திருத்த அன்பர்கள் ஒன்று கேட்கலாம்: "புராணப் பாட்டுக்கு ஏன் இத்தனை புகழ்ச்சி?" பாட்டின் கொள்கை வேறு, பாடியவரின் ஆற்றல் வேறு. பெண் தன் தொழிலால் தலைநிமிர வேண்டுமென்று பேசுகிற நாம், அப்படி நிமிர்ந்த ஒருவரை "கிட்டப்பாவின் விதவை" என்றே நினைவில் வைப்பது தகுமா? 1935-இல் 'நந்தனார்' படத்திற்கு ஒரு லட்ச ரூபாய் பெற்றவர் அவர். அனுதாபத்திற்காக யாரும் அத்தொகை கொடுப்பதில்லை. 1953-இன் 'ஔவையார்' மூதாட்டியை மட்டுமே அறிந்த இளைஞர், அவ்விருபது வயதுக் குரலைக் கேட்டால் வியப்பர்.

அரக்குத் தட்டு கைதவறினால் உடைந்துபோகும் பொருள். தோட்ட வீடுகளிலும் பட்டணத்துப் பெட்டிகளிலும் அவை இன்னும் கிடக்கக்கூடும். குப்பையென்று எறியுமுன், ஒருமுறை சுழலவிட்டுக் கேளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.